பண்டிகைப் பரிசாக நாய்க்குட்டியா?

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி வாங்கித் தர ஆசையா? பண்டிகை நாளன்று மட்டும் வேண்டாம். விருந்தாளிகளும் பட்டாசுச் சத்தமும் புதிதாய் வந்த குட்டியை மிரட்டிவிடும். அன்று கழுத்துப்பட்டையையும் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் பரிசாகக் கட்டிக் கொடுங்கள். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பெயர் தேடட்டும். புத்தாண்டுச் சந்தடி அடங்கியபின் குட்டி வரலாம். 8 வாரமாவது தாயிடம் இருந்ததாகப் பாருங்கள். நம் வெயிலைத் தாங்கும் நாட்டுக்குட்டிக்கே என் ஓட்டு. தடுப்பூசி அட்டவணையை முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் பிளம் கேக்கை உயரத்தில் வையுங்கள். அதிலுள்ள உலர்திராட்சை, சிறிதளவே ஆனாலும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டும் நஞ்சுதான். தின்றுவிட்டால் வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.