ஒவ்வாமை மாத்திரை: அறிந்து உட்கொள்வோம்

காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலிருந்து நீர், கண்களில் அரிப்பு. அல்லது மாலை வேளையில் உடலெங்கும் தடிப்புத் தடிப்பாகக் காணாக்கடி. இவ்விரண்டில் ஒன்றையேனும் அறியாத குடும்பம் அரிது. ஆகவேதான் ஒவ்வாமைக்கான மாத்திரை பல வீடுகளில் உப்பு, புளி போல எப்போதும் இருப்பில் இருக்கிறது.

"என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்கும்போது, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளைப் பலரும் தவறாமல் சொல்கிறார்கள். 'அலர்ஜி மாத்திரை'யைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதை மருந்து என்றே அவர்கள் கருதுவதில்லை. முறையாக உட்கொண்டால் இம்மாத்திரை பெரும்பாலானோர்க்குப் பாதுகாப்பானது. நல்ல பயனும் தரக்கூடியது. அந்த முறையை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடியது

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குக் காணாக்கடிக்காக லெவோசெட்டிரிசின் மாத்திரையை இரவில் ஒன்று உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரங்களாக அதை ஒழுங்காக உட்கொண்டு வருகிறார். இடையில் மழையில் நனைந்து சளி பிடிக்கிறது. வேலை முடிந்து வரும் மகன் மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கி வந்து, "அப்பா, இதையும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று கொடுக்கிறார். இரவு இருமல் கேட்டு எழுந்த மனைவி, பேரனுக்கு வாங்கிய இருமல் மருந்தில் இரண்டு கரண்டி ஊற்றித் தருகிறார்.

நள்ளிரவில் பெரியவர் சிறுநீர் கழிக்க எழுகிறார். தலை சுற்றுகிறது. குளியலறை எந்தப் பக்கம் என்பதே ஒரு கணம் பிடிபடவில்லை. அடிவயிறு முட்டுகிறது, சிறுநீர் வர மறுக்கிறது. திரும்பும்போது வாசற்படியில் தடுக்கி விழுகிறார்.

அந்த வீட்டில் ஒருவரும் அக்கறையின்றி நடந்துகொள்ளவில்லை. மூவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் மாத்திரை, சளி மருந்து, இருமல் மருந்து ஆகிய மூன்றிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்து இருந்ததை எவரும் அறியவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயர் ஆன்டிஹிஸ்டமின்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது?

தூசு, பூந்துகள், சில உணவுகள், பூச்சிக்கடி முதலியவற்றைச் சிலரது உடல் பகையாகக் கருதிவிடுகிறது. அப்போது தோலிலும் மூக்கின் உட்படலத்திலும் உள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல, ஹிஸ்டமின் தனக்குரிய ஏற்பிகளில் சென்று பொருந்துகிறது. அதன் விளைவே அரிப்பு, தடிப்பு, தும்மல், நீர் வடிதல்.

ஆன்டிஹிஸ்டமின் மருந்து அந்தப் பூட்டை முன்னதாகவே அடைத்துக்கொள்கிறது. ஹிஸ்டமின் வந்தாலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே அறிகுறிகள் தணிகின்றன. ஒவ்வாமையின் காரணம் இதனால் நீங்குவதில்லை. தூசும் பூந்துகளும் இருக்கும்வரை, மருந்தின் வலு குறைந்ததும் தொல்லை மீண்டும் தலைகாட்டலாம்.

பழைய வகையும் புதிய வகையும்

இம்மருந்துகளை இரண்டு தலைமுறைகளாகப் பிரிப்பர். குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின், புரோமெத்தசின் ஆகியவை முதல் தலைமுறை. இவை மூளைக்குள் எளிதில் நுழைகின்றன. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் மூளையில் உள்ள ஹிஸ்டமினுக்கும் பங்கு உண்டு. அதையும் இம்மருந்துகள் தடுப்பதால் உறக்கமும் மந்தமும் ஏற்படுகின்றன. மேலும் வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் அடைப்பு, முதியோர்க்கு மனக்குழப்பம் ஆகியவையும் நேரக்கூடும். முதியோர் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இவற்றைச் சேர்த்துள்ளது.

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரட்டடின், பெக்சோபெனடின், பிலாஸ்டின் முதலியவை இரண்டாம் தலைமுறை. இவை மூளைக்குள் குறைவாகவே செல்கின்றன. ஆயினும் செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் சிலருக்கு உறக்கத்தைத் தரும்.

புதிதாக எந்த ஒவ்வாமை மாத்திரையைத் தொடங்கினாலும், அது தம் உடலில் என்ன செய்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டுவதையும் இயந்திரங்களில் வேலை செய்வதையும் தவிர்க்க வேண்டும். முதல் தலைமுறை மருந்தை இரவில் உட்கொண்டாலும், அதன் மந்தம் மறுநாள் காலைவரை நீடிக்கக்கூடும். உறக்கம் வருவதாக உணராத நிலையிலும் கைகால்களின் வேகம் குறைந்திருக்கலாம். மது இம்மந்தத்தைப் பெருக்கும். தூக்க மாத்திரையும் சில வலி, மனநல மருந்துகளும் அவ்வாறே.

ஒரே மருந்து, பல பெயர்கள்

இதுவே மிகுதியாகத் தவறு நேரும் இடம். செட்டிரிசினின் செயலாற்றும் பாதியைப் பிரித்தெடுத்து உருவாக்கியதே லெவோசெட்டிரிசின். 10 மில்லிகிராம் செட்டிரிசின் செய்யும் வேலையை ஏறத்தாழ 5 மில்லிகிராம் லெவோசெட்டிரிசின் செய்கிறது. பெயர் வேறு என்று கருதி இரண்டையும் உட்கொள்பவர் ஒரே மருந்தை இரு மடங்காக உட்கொள்கிறார்.

கூட்டு மருந்துகளிலும் இதே கவனம் தேவை. சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் மாத்திரைகளிலும் சிரப்புகளிலும் குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை மருந்து பெரும்பாலும் கலந்திருக்கும். அவற்றோடு மூக்கடைப்பு நீக்கும் பினைலெப்ரின் சேர்ந்திருப்பின், உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளலாகாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடுமாறு, நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரில் ஆணையிட்டது.

லெவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையும் பரவலாக எழுதப்படுகிறது. மான்டெலுகாஸ்ட் சிலருக்குத் தீய கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைத் தூண்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. இம்மருந்தைத் தொடங்கியபின் குழந்தையின் நடத்தையிலோ பெரியவரின் மனநிலையிலோ மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு, எப்போது?

லெவோசெட்டிரிசின் பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராம், ஒரே வேளை. உட்கொண்ட ஒரு மணி நேரத்தளவில் வேலை செய்யத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் பயன் தரும். ஆகவே அரை மணியில் அரிப்பு அடங்கவில்லை என்று இரண்டாவது மாத்திரையைத் தேட வேண்டியதில்லை. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து உட்கொள்ளலாகாது.

நாள்பட்ட காணாக்கடிக்கு மருத்துவர் சில வேளைகளில் வழக்கமான அளவைவிடக் கூட்டித் தருவதுண்டு. அது நோயாளியின் வயது, சிறுநீரகம், பிற மருந்துகள் ஆகியவற்றை ஆய்ந்தபின் எடுக்கும் முடிவு. ஒருவருக்கு எழுதிய அளவை மற்றொருவர் பின்பற்றக் கூடாது.

பெக்சோபெனடினைத் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தும் அவ்வாறே செய்யும். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள்.

குழந்தைகளுக்கான அளவை வயதையும் எடையையும் கொண்டு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிரப்பை அதனுடன் வரும் அளவு மூடியால் அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பயணத்தில் குழந்தை உறங்கட்டும் என்று இம்மருந்தைக் கொடுப்பது அபாயமானது. பழைய வகை மருந்து சில குழந்தைகளுக்கு உறக்கத்துக்கு மாறாகப் படபடப்பையும் அமைதியின்மையையும் தரும்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் அவை தேங்கும். அவர்களுக்கு அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டும். சிறுநீரகம் மிகவும் செயலிழந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் லெவோசெட்டிரிசினை உட்கொள்ளலாகாது.

புராஸ்டேட் சுரப்பி வீங்கியவர்கள், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், வலிப்பு நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். கருவுற்ற காலத்துக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. எது என்பதை மருத்துவர் தேர்ந்து தருவார்.

நிறுத்தும்போதும் கவனம்

செட்டிரிசினையோ லெவோசெட்டிரிசினையோ பல மாதங்கள், ஆண்டுகள் நாள்தோறும் உட்கொண்டு நிறுத்தியவர்களில் சிலருக்கு, சில நாட்களில் உடலெங்கும் கடுமையான அரிப்பு ஏற்பட்டதாக 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இது அரிதே. ஆயினும் நெடுநாள் உட்கொண்டவர்கள் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவது நன்று.

ஒவ்வாமையைக் கண்டறியும் தோல் பரிசோதனைக்கு முன் இம்மாத்திரையைப் பொதுவாக ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். மருந்து உடலில் இருந்தால் தோல் தடிக்காது. ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.

இம்மாத்திரையால் ஆகாதவை

தும்மலையும் அரிப்பையும் தணிக்கும் அளவுக்கு இம்மாத்திரை மூக்கடைப்பைத் தணிப்பதில்லை. நாள்பட்ட மூக்கடைப்புக்கு மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்தே சிறந்தது. அதன் முழுப் பயன் தெரியச் சில நாட்கள் ஆகும். காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்து வந்தால் அது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்புக் குறைவு. இளைப்பு நோய்க்கும் இது மாற்று ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. குளவி, தேனீ கொட்டியபின்னோ, ஓர் உணவை உண்டபின்னோ, ஊசி போட்டபின்னோ மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் கம்முதல், மயக்கம், தொடர் வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையால் அடைபடும் மூச்சுக்குழலைத் திறக்க இயலாது. சரியும் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் இயலாது. அங்கே உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். அறிகுறிகள் அடங்கினாலும் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

1. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் மருந்துக் குப்பிகளையும் ஒரு பையில் சேர்த்து, அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது கொண்டு வாருங்கள்.

2. கடையில் அட்டையை வெட்டி இரண்டு மூன்று மாத்திரைகளாகத் தந்தால், மருந்தின் பெயரும் காலாவதி நாளும் மறு துண்டில் போய்விடும். அவற்றை உறையின்மேல் தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள்.

3. சளி, இருமல் மருந்து வாங்கும்போது, "வீட்டில் ஒருவர் ஏற்கெனவே அலர்ஜி மாத்திரை உட்கொள்கிறார், இதிலும் அதே வகை உள்ளதா?" என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

4. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அளவு மீறி உட்கொண்டுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் அட்டையோடு மருத்துவமனைக்கு வாருங்கள்.

5. எந்த நாளில், எதை உண்டபின், எங்கே இருந்தபோது ஒவ்வாமை வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். காரணத்தைக் கண்டு விலக்கினால் மாத்திரையின் தேவையே குறையக்கூடும்.

மேலே சொன்ன வீட்டுக்கு மீண்டும் செல்வோம். சளி மாத்திரை வாங்கிய மகன் கடையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், பெரியவர் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார். நம் வீட்டுப் பெரியவர்களுக்காக அக்கேள்வியை நாம் தயங்காமல் கேட்போம். உங்கள் மாத்திரையைப் பற்றிய ஐயம் எதுவாயினும் எங்கள் மருத்துவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்கலாம். மருந்துப் பையோடு வாருங்கள்.