பட்டுக் கெண்டை

ஜப்பான் நாட்டில் நீகாட்டா என்று ஒரு மாநிலம் உண்டு. அதன் மலைப்பகுதியில் யமகோஷி என்ற ஊர் இருக்கிறது. மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். குளிர்காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும். அந்தக் காலத்தில் பனி மூடிவிட்டால் வெளியூர் போக வழி இருக்காது.

அந்த மாதங்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விவசாயிகள் வயல் ஓரத்துக் குளங்களில் கெண்டை மீன் வளர்த்தார்கள். நம் ஊரில் சாதாக் கெண்டை என்று சொல்லும் அதே இனம்தான். கறுப்பு நிற மீன்கள். உணவுக்காக வளர்த்தவை, அழகுக்காக அல்ல.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளங்களில் ஒரு புதுமை நடந்தது. கறுப்புக் குஞ்சுகளுக்கு நடுவே நிறம் மாறிய குஞ்சுகள் தென்பட்டன. விவசாயிகள் அவற்றைச் சமைக்கவில்லை. தனியே பிரித்து வளர்த்தார்கள். அவற்றிலிருந்தே மறுபடியும் குஞ்சு எடுத்தார்கள். அப்பன் தொடங்கியதை மகன் செய்தான், பேரனும் செய்தான். 1914-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே இந்த மீன்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் பிறகு ஜப்பான் முழுவதும் இவற்றின் பெயர் பரவியது.

ஜப்பானியர் இந்த மீனை 'நிஷிகிகோய்' என்கிறார்கள். நிஷிகி என்றால் பல நிற நூலால் பூவேலை செய்த பட்டு. கோய் என்றால் கெண்டை. தமிழில் பட்டுக் கெண்டை என்று சொல்லலாம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'கோய் கார்ப்' என்று கேட்டால் காட்டுவார்கள்.

தங்கமீன் வேறு, கோய் வேறு. வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். கோய் மீனின் வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு. தங்கமீனுக்கு மீசையே கிடையாது. கோய் இரண்டு அடி நீளம்கூட வளரும். கண்ணாடித் தொட்டி அதற்குப் போதாது. குளத்தில் விட்டு, மேலிருந்து பார்த்து ரசிக்க வேண்டிய மீன் அது.

வகைகள் ஏராளம். எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று வகை தெரிந்தால் போதும். மற்றவை தானாகப் பிடிபடும்.

முதல் வகை கோஹாக்கு. வெள்ளை உடம்பு, அதன் மேல் சிவப்புத் திட்டு, அவ்வளவுதான். பார்க்க எளிய மீன். ஆனால் இதில் நல்லது கிடைப்பதுதான் கடினம். வெள்ளை வேட்டியில் சிறு கறையும் தெரிவது போல, இதில் எந்தக் குறையும் மறையாது. வெள்ளை பழுப்பேறாமல் இருக்க வேண்டும். சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். திட்டின் ஓரம் கத்தரித்தது போல் இருக்க வேண்டும். தலையில் சிவப்பு வேண்டும், ஆனால் அது மூக்கு நுனி வரை வழியக் கூடாது. வாலுக்கு முன்னால் கொஞ்சம் வெள்ளை தெரிய வேண்டும். இரண்டு திட்டு இருந்தால் 'நிதான்' என்பார்கள். மூன்று இருந்தால் 'சாந்தான்'. மின்னல் போல் வளைந்து ஓடினால் 'இனசுமா'.

இரண்டாவது தாய்ஷோ சான்கே. மூன்றாவது ஷோவா. இரண்டிலும் வெள்ளை, சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களும் உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். கறுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சான்கேயின் தலையில் பொதுவாகக் கறுப்பு இருக்காது. முதுகில் மட்டும் மை தெறித்தது போல் இருக்கும். ஷோவாவின் தலையிலேயே கறுப்பு ஓடும். வயிறு வரை சுற்றி இறங்கும். தலைக்குப் பின்னால் இரு பக்கமும் விரியும் துடுப்புகளையும் பாருங்கள். சான்கேக்கு அதில் கறுப்புக் கோடுகள் இருக்கலாம். ஷோவாவுக்குத் துடுப்பின் அடியில் கறுப்பு திரண்டு நிற்கும்.

இந்தப் பெயர்கள் ஜப்பான் பேரரசர்களின் ஆட்சிக் காலங்களைக் குறிப்பவை. தாய்ஷோ காலம் 1912 முதல் 1926 வரை. அதன் பின் வந்தது ஷோவா காலம்.

ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டை இடும். அத்தனை குஞ்சும் தேறாது. பல முறை பொறுக்குவார்கள். ஒவ்வொரு முறையும் பெரும்பகுதி கழிந்துபோகும். ஷோவா குஞ்சுகளைப் பொரித்த சில நாளிலேயே பிரிக்கிறார்கள். கறுப்புக் குஞ்சை வைத்துக்கொண்டு வெளிறியதைக் கழிக்கிறார்கள். கண்ணுக்கு எட்டாத அழகை அந்த வயதிலேயே ஊகிக்க வேண்டும். கை தவறினால் வருடத்து உழைப்பு போய்விடும்.

அதனால் நல்ல தாய் மீனும் தந்தை மீனும் ஒரு குடும்பத்தின் நிலம் போன்றவை. 2004 அக்டோபர் 23 அன்று யமகோஷியில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. மலை சரிந்தது. சாலைகள் அறுந்தன. குளங்கள் உடைந்தன. ஏராளமான மீன்கள் செத்தன. ஊர் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு, மிஞ்சிய மீன்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். மீனுக்கு ஹெலிகாப்டரா என்று கேட்கலாம். மூன்று தலைமுறை பொறுக்கிச் சேர்த்த வித்து அந்த மீன்களில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மக்களில் பலர் ஊர் திரும்பினார்கள். இன்றும் அங்கே கோய் வளர்கிறது.

மற்ற வகைகளில் தாஞ்சோ எல்லோருக்கும் பிடிக்கும். உச்சியில் மட்டும் குங்குமப் பொட்டு போல ஒரு சிவப்பு வட்டம். உடம்பில் வேறு எங்கும் சிவப்பு இருக்காது. ஓகோன் ஒரே நிறத்தில் உலோகம் போல் மின்னும். அசாகியின் முதுகில் நீல வலை விரித்தது போல் செதில்கள், பக்கங்களில் சிவப்பு.

விலை கேட்டால் தலை சுற்றும். 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாக்கு 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. ஆனால் கடையில் விற்கும் சிறு குஞ்சின் விலை மிகக் குறைவு. நிறத்தில் மயங்கிவிடாமல் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். முதுகு நேராக இருக்கிறதா? நடு உடம்பு திரண்டு, வால் பக்கம் சீராகக் குறுகுகிறதா? கோணல் உடம்பு வளர்ந்தாலும் நேராகாது. நிறமோ வயதோடு மாறும். இன்று அழகாக இருக்கும் பொட்டு நாளை கலைந்துபோகலாம்.

வாங்கிய மீனை உடனே பழைய மீன்களோடு விடக் கூடாது. சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கோய் மீன்களைக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. 2003-இல் அது ஜப்பானிலேயே பரவியது. மனிதருக்கு அதனால் கேடு இல்லை. ஆனால் குளம் காலியாகிவிடும். வளர்க்க முடியாமல் போனாலும் மீனை ஏரியில் விட வேண்டாம். கெண்டை அடிமண்ணைக் கிளறும். தண்ணீர் கலங்கும், அங்குள்ள செடிகளும் மற்ற மீன்களும் பாதிக்கப்படும். வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.