புயலுக்கு முன் சங்கத்தின் கடமை: வேதாரணியம் கற்பிக்கும் பாடம்

அங்கத்தினர்களே,

புயலைத் தடுத்தல் மனிதனால் ஆகாது. ஆயின் அதனால் நேரும் நஷ்டத்தைக் குறைத்துக் கொள்ளுதல் ஆகும். இதனை வேதாரணியத்தின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

1930-ஆம் வருஷத்து உப்புச் சத்தியாக்கிரகத்தால் பேர் பெற்ற இச்சிற்றூர், கோடியக்கரைக்கு வடக்கே வங்காள விரிகுடாவை ஒட்டியுள்ளது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கு மிகுதியாகப் பெய்யும். புயலும் பெரும்பாலும் அக்காலத்திலேயே தோன்றும். 1952, 1977 ஆகிய வருஷங்களில் நாகப்பட்டினப் பிரதேசம் கடும் புயலால் வருந்திற்று. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்குப் பின், 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது.

புயல் உண்டாவது எவ்வாறு? வெப்பமுற்ற கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும்போது, உள்ளடங்கிய வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பமே புயலுக்கு உணவு. நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். நடுவே 'கண்' எனப்படும் அமைதியான இடம் உண்டு. கண் நேரே கடக்கும் ஊரில் முதலில் பெரும்பாலும் வடக்கிலிருந்து காற்று வீசும். பிறகு சற்று ஓயும். அதன்பின் தெற்கிலிருந்து மீண்டும் சீறும். இடையில் உண்டாகும் அமைதியை நம்பி வெளியே சென்று உயிரிழந்தோர் உண்டு. ஆதலின் 'புயல் கடந்துவிட்டது' என்று சர்க்கார் அறிவிக்கும்வரை வீட்டினுள் இருத்தல் வேண்டும்.

உயிர் தப்பினால் மட்டும் குடும்பம் தப்பிவிடுமா? கஜாவில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் எண்ணிறந்த தென்னைகள் சாய்ந்தன. நெல் போனால் மறு போகத்தில் விளையும். நெட்டைத் தென்னையோ, கன்று நட்டு 6 முதல் 8 வருஷம் கழிந்த பின்னரே நன்கு காய்க்கும். அதுவரை வருமானம் இல்லை. கடன் தவணையோ காத்திராது. தோப்பை ஈடு வைத்தவன் நிலை என்னாகும்?

கடலோரச் சங்கம் ஒன்றில் தணிக்கைக்குச் சென்றபோது, பேரேடுகள் ஊறி மை கரைந்திருக்கக் கண்டேன். பணம் கட்டிய அங்கத்தினர் ஒருவர், தாம் கட்டியதை நிரூபிக்க இயலாது நின்றார். பேரேட்டின் பிரதி வேறிடத்தில் இருந்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது.

ஆகவே புரட்டாசிக்குள் செய்து முடிக்க வேண்டியவை:

1. பேரேடு, கடன் பத்திரங்களின் பிரதிகளை வேறோர் உயர்ந்த கட்டடத்தில் வைத்தல்.

2. கிடங்கின் கூரையைப் பழுது பார்த்து, விதை, உர மூட்டைகளை மரப்பலகையின்மேல் அடுக்குதல்.

3. பயிர் இன்ஷியூரன்ஸுக்குக் கடைசி நாள் வரை காத்திராது, சிட்டா, அடங்கல், பாங்குப் புத்தகம் ஆகியவற்றுடன் சங்கத்திலேயே பதிந்துகொள்ளுதல்.

4. தென்னையை மட்டுமே நம்பாது, ஊடுபயிர், கறவை மாடு ஆகிய வேறு வருவாய்க்கும் வழி தேடுதல்.

சென்னையில், கோபாலபுரத்துக்கு அருகேயுள்ள நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்திலிருந்து புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. அது வந்தபின் கிடைக்கும் அவகாசம் சில நாட்களே. அது உயிரையும் கால்நடையையும் காக்கவே போதும். சொத்தையும் கணக்கையும் காக்கும் வேலை வானம் தெளிந்திருக்கும்போதே முடிந்திருத்தல் வேண்டும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே இதனை ஆலோசித்துத் தீர்மானம் செய்வீர்களாக.