ப்ராஸ்டேட் புற்றுநோய்: ஆயுளைத் தீர்மானிப்பவை எவை?

நம் சங்கத்தில் நெடுநாள் உறுப்பினராக இருந்த பருப்பு மொத்த வியாபாரி ஒருவர் ஓராண்டு காலம் இடுப்பு வலியோடு கடைக்கு வந்து போனார். "மூட்டைக்குக் கை கொடுத்த வலி, தைலம் தேய்த்தால் போய்விடும்" என்பார். நாமும் அப்படியே நம்பினோம். கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது நோய் எலும்பில் பரவியிருந்தது. அது தொடங்கிய இடம் ப்ராஸ்டேட் சுரப்பி. அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்தார். நாம் மருத்துவர் அல்ல. அவருக்காக அலைந்தபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

ப்ராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஓட்டோடு கூடிய அக்ரூட் அளவில் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கும் இது பெரிதாகும். இரவில் பலமுறை எழுவது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது ஆகியவை பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால்தான். புற்றோ தொடக்கத்தில் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். நாம் ஏமாறுவது இங்கேதான்.

ஆயுளைத் தீர்மானிப்பதில் முதல் இடம், நோய் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கே. அமெரிக்கக் கணக்குப்படி, சுரப்பிக்குள்ளோ அதன் அருகிலோ இருக்கும்போது கண்டறியப்பட்டால் 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் ஏறக்குறைய 100 சதவீதம். எலும்பு போன்ற தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவே. இந்த 5 ஆண்டு என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த காலாவதித் தேதி அல்ல. அதே வயதுள்ள மற்ற ஆண்களோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு. 15, 20 ஆண்டுகள் நலமாக இருப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது புற்றின் குணம். சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1960-களில் அமெரிக்க மருத்துவர் டொனால்டு கிளீசன் வகுத்த முறை இது. 6 என்றால் மெதுவாக வளர்வது. 8 முதல் 10 வரை மூர்க்கமானது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புற்று என்றாலே உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் நோய் சுரப்பியைத் தாண்டாத நிலை. முடிவு 2023-ல் வெளிவந்தது. 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கும், மற்ற இரு பிரிவுகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் நோய் பரவியது. ஆகவே கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதல்ல. தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். "சீசன் முடியட்டும்" என்பவருக்கு அந்த வழி ஆகாது.

வயதும் மற்ற நோய்களும் கணக்கில் வரும். வயதான பலருக்கு இந்தப் புற்றைவிட இதய நோயே எமனாகிறது. புகைப்பவர்களும் உடல் பருத்தவர்களும் இப்புற்றால் இறப்பது அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன.

பரவிவிட்டது என்றாலும் கைவிட வேண்டியதில்லை. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்நோய் ஒடுங்கும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் சிகிச்சைக்கு அதுவே அடித்தளம். விலை கூடிய ஊசிகள் உண்டு. விரைகளை அகற்றும் சிறு அறுவையும் அதே வேலையைச் செய்யும், செலவு குறைவு. தொடக்கத்திலேயே இதனோடு டோசிடாக்செல் அல்லது அபிராட்டிரோன் சேர்த்தால் ஆயுள் நீளும் என்று 2015, 2017 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின. நம் நண்பர் வலி குறைந்ததும் டாக்டரைக் கேளாமல் ஊசியை நிறுத்திவிட்டார். அதைத் தடுக்காதது நம் குறை.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பற்றி 50 வயதானவர்கள் டாக்டரிடம் பேசுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் 45-லேயே பேசுவது நல்லது. எண் 4-க்கு மேல் போனாலே புற்று என்று பயந்துவிட வேண்டாம். சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் அது ஏறும். ஃபினாஸ்டிரைட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். முடி உதிர்வுக்கு என்று வாங்கிச் சாப்பிடுவதும் இதே மருந்துதான்.