பியானோப் பயிற்சியும் விரல்களின் இயல்பும்

மேனாட்டு இசைக் கருவிகளுள் பயில எளியது போலத் தோன்றுவது பியானோ. வயலினில் சுரத்தானத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். குழலில் மூச்சை ஆள வேண்டும். பியானோவிலோ 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் சுருதி சேர்க்கப்பெற்று ஆயத்தமாய் நிற்கின்றன. அழுத்தினால் ஒலி பிறக்கிறது. ஆயினும், ஓராண்டு பயின்றவரைக் கேட்டுப் பாருங்கள். வேகமான பகுதியில் விரல்கள் தடுமாறுகின்றன, முன்கை கனக்கிறது, எத்தனை முறை வாசித்தாலும் அதே இடத்தில் பிழை நேர்கிறது என்பார். விரல்களில் வலிமை இல்லை என்று தாமே முடிவு கட்டிக் கருவியைத் துறந்தவரும் உளர். அம்முடிவு சரியானதுதானா? ஆராய்வோம்.

முதலில் கருவியைக் காண்போம். ஒரு கட்டையை மெல்ல அழுத்த ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். கட்டை கீழிறங்கும் ஆழமும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டரே. கட்டை இறங்கும்போது உள்ளேயுள்ள சுத்தியல் எழுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானே பறந்து சென்று தாக்குகிறது. அதன் பின்னர் நாம் எவ்வளவு அழுத்தினாலும் அத்தாக்குதலை மாற்ற இயலாது. ஒலியின் வன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது சுத்தியலின் வேகமே. எனவே, ஒலித்த கட்டையை மேலும் அழுத்திக்கொண்டிருப்பது வீண் செலவு. அவ்விறுக்கமே அடுத்த விரலைத் தடுக்கிறது.

இனி, கையைக் காண்போம். விரல்களை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. தசைநாண்களே அவற்றை விரல்களோடு இணைக்கின்றன. புறங்கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நாண்களைக் குறுக்கிழைகள் ஒன்றோடொன்று பிணைத்துள்ளன. ஐயமிருப்பின் ஒரு சோதனை செய்து பாருங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, ஏனைய விரல் நுனிகளை மேசைமேல் ஊன்றுங்கள். இப்போது மோதிரவிரலை உயர்த்த முயலுங்கள். அசையாது! இது சோம்பலால் வந்த குறையன்று, உடலின் அமைப்பு. இவ்விரலை மற்றவற்றுக்குச் சமமாக்க வலிந்து உயர்த்துவோர் இயற்கையோடு போரிடுகின்றனர்.

இதை நன்குணர்ந்த ஆசிரியர் ஷோப்பான் (1810–1849). ஒவ்வொரு விரலுக்கும் தனி இயல்பு உண்டென்றும், அவ்வியல்பைக் கெடுக்காமல் பயன்கொள்ள வேண்டும் என்றும் அவர் கருதினார். எல்லாம் வெள்ளைக் கட்டைகளாலாகிய சி மேஜர் வரிசையைத்தான் பலரும் முதலில் கற்பிப்பர். அவரோ அதைக் கடினமானதென்று பின்னுக்குத் தள்ளி, பி மேஜரை முன்வைத்தார். அதில் நீண்ட விரல்கள் உயர்ந்த கறுப்புக் கட்டைகளில் இயல்பாய் அமைகின்றன. குட்டையான கட்டைவிரல் தாழ்ந்த வெள்ளைக் கட்டைகளில் விழுகிறது. கைக்கேற்ற பாடம் இதுவன்றோ?

இவற்றை நாள்தோறும் பயிற்சியில் கைக்கொள்ளும் முறை யாது?

ஒன்று, தடையின் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிக. சி மேஜரில் வலக்கை தடுமாறினால் வரிசை முழுவதையும் ஐம்பது முறை வாசித்துப் பயனில்லை. தடை பெரும்பாலும் ஈ என்னும் சுரத்திலுள்ள நடுவிரலுக்கும் எஃப் என்னும் சுரத்துக்கு வரவேண்டிய கட்டைவிரலுக்கும் இடையில்தான் உள்ளது. டி, ஈ, எஃப், ஜி என்ற நான்கை மட்டும் எடுத்துக்கொள்க. கட்டைவிரல் கடைசி நொடியில் பாய்வதை விடுத்து, முந்தைய சுரத்தை விட்டவுடனே நகரத் தொடங்கட்டும். வேகம் கூடும்போது கை முழுதும் பக்கவாட்டில் நகர்ந்து அதற்கு உதவட்டும்.

இரண்டு, மெதுவாகத் தொடங்குக. சரளி வரிசையை முதற்காலத்தில் பாடி உறுதியான பின்னரே இரண்டாம் காலத்துக்குச் செல்கிறோம் அல்லவா? இங்குக் காலத்தை இரட்டிக்கவும் வேண்டா. மெட்ரோனோமைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் போதும். பிழையோடு வேகமாக வாசித்தால் கை அப்பிழையையே மனப்பாடம் செய்துவிடும்.

மூன்று, தாளத்தை மாற்றுக. சமமான சுரங்களை முதலில் நெடிலும் குறிலுமாகவும், பின்னர்க் குறிலும் நெடிலுமாகவும் வாசிக்க. குறிலில் விரல் விரைகிறது. நெடிலில் கை இளைப்பாறுகிறது.

நான்கு, விரல் எண்களை ஒருமுறை தேர்ந்து, தாளில் குறித்து, அவற்றையே பின்பற்றுக. நாளுக்கொரு விரலமைப்பு என்றால் கைக்குப் பழக்கம் ஏற்படாது.

ஐந்து, வலித்தால் நிறுத்துக. வலியைத் தாங்குவது வீரமன்று. பியானோக் கலைஞராக விழைந்த ஷூமான், விரலுக்கு வலுவூட்ட ஒரு கருவியையும் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை பழுதுற்றது. அக்கருவிதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் மேடைக் கனவு அத்துடன் முடிந்தது. நம் காலத்துக்கு நெருங்கிய சான்று அமெரிக்கரான லியான் பிளைஷர். 1964-இல் அவருடைய வலக்கை விரல்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின. நரம்பியக்கக் கோளாறான டிஸ்டோனியா என்பது பின்னரே தெளிவாயிற்று. பல்லாண்டுகள் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார். மருத்துவத்தின் துணையால் 1990-களில்தான் இரு கைகளாலும் வாசிக்க மீண்டார். பெருங்கலைஞர்க்கே இந்நிலை எனில், விடுதியில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சாதிக்கத் துடிக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்!

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை பொய்த்தால் கருவியை ஓங்கி அடிப்பதில்லை; எங்கே தவறியது என்று ஒவ்வொரு பகுதியாய்ப் பிரித்துப் பார்க்கிறோம். நம் கைக்கும் அதே பொறுமையைக் காட்டுவோம். இன்றிரவு பயிலச் செல்லும் நண்பர், உங்களைத் தொல்லைப்படுத்தும் அப்பகுதியிலிருந்து நான்கு சுரங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். தோளைத் தளர்த்துங்கள். பத்து நிமிடம் மெதுவாக வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாளும் அவ்வாறே செய்யுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் முழுப் பகுதியையும் வாசித்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறுங்கள்.