பாசியும் பவளமும்

கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்குவேரியா கேஎல்சிசிக்கு உங்களுள் பலர் கல்விச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். 90 மீட்டர் நீளச் சுரங்கப்பாதையில் தலைக்கு மேல் சுறா நீந்தும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இடையில் நிற்கும் நீர் எப்படித் தெளிவாக இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவருக்கோ அதுதான் முதல் கவலை.

கிள்ளானில் ஒரு வீட்டின் வரவேற்பறையை எண்ணிப் பாருங்கள். அங்கே 200 லிட்டர் தொட்டி. அதில் உயிருள்ள பவளத் துண்டுகள் சில, வண்ண மீன்கள் சில. (பவளத் துண்டுகள் கடலில் பெயர்த்தவையல்ல, தொட்டியிலேயே வளர்க்கப்பட்டவை. கடல் பூங்காக்களில் பவளத்தைத் தொட்டு எடுப்பது நம் நாட்டில் குற்றம்.) பகலில் வெயில் 30 பாகையைத் தாண்டும் ஊர் என்பதால், நீரை 26 பாகையளவில் வைத்திருக்கக் குளிரூட்டும் கருவி ஓடுகிறது. இரண்டு மாதம் எல்லாம் நலம். மூன்றாம் மாதம் பாறைமீது பச்சைமயிர் போலப் பாசி படர்ந்து, பவளத்தின் விளிம்பை மூடத் தொடங்குகிறது.

இந்தப் பாசி எங்கிருந்து வந்தது? மீனுக்குப் போட்ட தீனியிலிருந்துதான். மீதமான தீனியும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது உரம். தீனியிலுள்ள பாஸ்பேட்டும் நீரில் சேர்கிறது. செம்பனைத் தோட்டத்தில் போடும் உரமூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து என்று எழுதியிருக்குமே, அவை தரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தாம் இங்கும் இருக்கின்றன. தொட்டியின் சொந்தக்காரர் மீனுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறார். உண்மையில் பாசிக்கு உரமிடுகிறார். ஆவியாகிக் குறைந்த நீரைக் குழாய்நீரால் நிரப்பினால், அதிலுள்ள உப்புகளும் சேர்ந்து சிக்கலைக் கூட்டும். வடிகட்டிய தூய நீரே அதற்கு ஏற்றது.

இப்போது அவர் பதறிப்போய்ச் செய்வது என்ன? கடையில் விற்கும் பாஸ்பேட்டு நீக்கியை அளவின்றிக் கொட்டுகிறார். பாசி குறைகிறது. சில வாரங்களில் பவளமும் வெளிறுகிறது. பலருக்கு இது புரியாத புதிர்.

புதிரை அவிழ்க்கப் பவளத்தின் உடலுக்குள் போக வேண்டும். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவினுள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கும் ஊட்டுகின்றன. அதன் நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். வெளியே படர்ந்து பவளத்தை நெரிப்பது ஒரு பாசி. உள்ளே இருந்து வாழவைப்பது இன்னொரு பாசி. நீரிலிருந்து ஊட்டம் முழுவதையும் உறிஞ்சிவிட்டால் முதலில் வாடுவது உள்ளிருப்பதே. இங்கிலாந்தின் சௌத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டிகளில் வளர்த்த பவளங்களிலேயே காட்டியது. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட்டு பற்றாமல் போனால், நுண்பாசியின் சவ்வுகள் வலுவிழக்கின்றன. பிறகு சற்றே கூடுதல் வெப்பமும் ஒளியும் பட்டால் பவளம் வெளிறிவிடுகிறது. ஆக, அளவு மட்டும் போதாது. இரண்டுக்கும் இடையிலான விகிதமும் சரியாக இருக்க வேண்டும்.

எனவே அனுபவசாலிகள் எதையும் பூச்சியமாக்குவதில்லை. நைட்ரேட்டு லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் வைத்துக்கொள்ள முயல்கிறார்கள். அதற்கு வழி மிக எளிது, ஆனால் பொறுமை வேண்டும்: சோதனைக் கருவியால் வாரந்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதுவது, தீனியைக் குறைப்பது, பத்து விழுக்காடு நீரை மாற்றுவது, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியை ஓடவிடுவது. பாசியைக் கையால் பிடுங்குவதும் மருந்தைவிட நல்லது.

மேயும் உயிர்களும் வேண்டும். நத்தைகள் இரவெல்லாம் பாறையைச் சுரண்டித் தின்னும். அவற்றின் அருமையைக் கரீபியக் கடல் உணர்த்தியது. 1983, 1984 ஆண்டுகளில் அங்கே ஒரு நோய் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழித்தது. மீன்களையும் மனிதர்கள் அதற்கு முன்பே பிடித்துத் தீர்த்திருந்தனர். மேய ஆளில்லாத ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது.

நம் கடலுக்கும் இதில் செய்தி உண்டு. 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் மூடப்பட்டன. வெளிறிய பவளம் மீள்வதும் பாசிக்கு இரையாவதும் வெப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. தங்குவிடுதிகளின் கழிவுநீர் கொண்டுவரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பொறுத்ததும்கூட. தொட்டியில் வாரத்திற்குப் பத்து விழுக்காடு நீரை மாற்றலாம், கடலில் முடியாது. அங்கே கழிவுநீரைக் கலக்கும் முன்பே சுத்திகரிக்க வேண்டும். பாசியை மேயும் கிளிமீன்களை வலையில் அள்ளாமல் விட்டுவைக்க வேண்டும்.