பாடம் 9: கறை ஏன் சிவந்தது?

கவின் நியூ ஜெர்சியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வரும் வெள்ளிக்கிழமை அவன் வகுப்பில் ஓர் அறிவியல் சோதனையைச் செய்து காட்ட வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

"அம்மா, எரிமலை செய்யலாமா? பேக்கிங் சோடாவும் வினிகரும் போதும். நல்லா பொங்கும்!"

"பொங்கும்னு உனக்கு இப்பவே தெரியுமே! அப்புறம் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போற?"

கவின் யோசித்தான்.

"அப்போ, ஒரு பீன்ஸ் செடியை இருட்டுல, இன்னொண்ணை வெளிச்சத்துல வளர்த்துப் பார்க்கலாமா?"

"நல்ல கேள்விதான். ஆனா செடி வளர ரெண்டு வாரமாவது வேணும். நமக்கு அஞ்சு நாள்தானே இருக்கு?"

மதியம் சாப்பிடும்போது கவினின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியது. அம்மா அந்தக் கறையில் சோப்புக் கட்டியைத் தேய்த்தார். மஞ்சள் கறை சிவப்பாக மாறியது!

"அம்மா! ஏன் சிவப்பாச்சு? எல்லா சோப்பும் இப்படிப் பண்ணுமா?"

"எனக்கும் தெரியலையே."

"அப்போ இதையே செய்யலாம்!" என்று கவின் துள்ளினான். 'எல்லா சோப்பும் கறையைச் சிவப்பாக்கும்' என்று தன் ஊகத்தை முதலில் எழுதி வைத்தான்.

செய்முறை

1. மேசையில் பழைய செய்தித்தாளை விரிக்கவும். மஞ்சள் கறை எளிதில் போகாது!
2. அரை தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கவும்.
3. காபி ஃபில்டர் தாளை அதில் நனைத்து, உலர்த்தி, துண்டுகளாக வெட்டவும்.
4. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொருளைச் சில சொட்டுகள் விடவும். சோடாவையும் சோப்புக் கட்டியையும் தண்ணீரில் கரைத்துக்கொள்ளவும்.

கவின் கண்டது

தண்ணீர் – மஞ்சள்
எலுமிச்சைச் சாறு – மஞ்சள்
வினிகர் – மஞ்சள்
பேக்கிங் சோடா – செம்பழுப்பு
சோப்புக் கட்டி – சிவப்பு
கை கழுவும் திரவ சோப்பு – மஞ்சள்

கவினின் முகம் வாடியது.

"என் ஊகம் தப்பாயிடுச்சு அம்மா. திரவ சோப்புக்கும் சிவப்புன்னு எழுதிடவா? யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே கண்ணா. இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாரு. அப்பவும் மஞ்சளா இருந்தா, மஞ்சள்னுதான் எழுதணும்."

மூன்று முறையும் மஞ்சள்தான். கவின் பழைய ஊகத்தை அழிக்கவில்லை. அதன் கீழே, 'என் ஊகம் தவறு. எல்லா சோப்பும் ஒன்று இல்லை' என்று எழுதினான்.

வெள்ளிக்கிழமை டீச்சர் முதலில் கேட்டதே திரவ சோப்பைப் பற்றித்தான். "என் வீட்டு சோப்பைக் கொண்டு வரட்டுமா?" என்று நண்பர்களும் கேட்டார்கள்.

காரணம் என்ன?

மஞ்சள்தூளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். அது அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தில் சிவக்கும். பல சோப்புக் கட்டிகள் காரத்தன்மை உடையவை. பல திரவ சோப்புகளில் காரம் மிகக் குறைவு. ஆரத்தி எடுக்க மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாவதும் இதனால்தான்.

சொற்பொருள்

ஊகம் – இப்படி இருக்கும் என்று முன்பே நினைப்பது
அமிலம் – எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பான பொருள்களில் இருப்பது
காரம் – இங்கே மிளகாயின் காரம் அல்ல. சுண்ணாம்பு, சோடா போன்றவற்றின் தன்மை

பயிற்சி

1. எரிமலை வேண்டாம் என்று அம்மா சொன்னது ஏன்?
2. பீன்ஸ் செடி சோதனையை ஏன் செய்ய முடியவில்லை?
3. 'சிவப்பாச்சு', 'தப்பாயிடுச்சு' – இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
4. கவின் அட்டவணையை மாற்றி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வகுப்பில் பேசுங்கள்.
5. உங்கள் வீட்டு சோப்பு எந்த நிறம் தரும்? முதலில் ஊகத்தை எழுதுங்கள். பிறகு அம்மா அல்லது அப்பாவோடு செய்து பாருங்கள்.